ஒரு நாளைக்கு எத்தனை வாசல்?

உங்களில் எத்தனை பேர் கண்ணாடி போட்டுக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள்? எத்தனை பேர் பத்திரிகையை ஒரு கை தூரம் தள்ளிப் பிடித்தபடி, ‘எனக்கெல்லாம் கண்ணாடி தேவையில்லை’ என்று வீட்டில் சாதித்துக்கொண்டிருக்கிறீர்கள்? இரண்டாவது கட்சிக்காரர்களுக்கு என் அனுதாபங்கள். கை எவ்வளவு தூரம்தான் நீளும்? நாற்பதைத் தாண்டினால் சாளேசரம் வந்தே தீரும். அன்றைக்கு நீங்களும் கண்ணாடிக் கடைக்குப் போவீர்கள். போனால், உங்களிடமும் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

“சார், சாதா லென்ஸா, வெயில்ல கறுக்கிற லென்ஸா?”

எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே தூரப்பார்வைக்குக் கண்ணாடி உண்டு. இப்போது படிக்கவும் சேர்த்து ப்ரோக்ரெஸிவ். சமீபத்தில் பவர் மாறியதும் எங்கள் பேட்டைக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பையன் கெட்டிக்காரன். பதில் சொல்ல விடாமல், “ஒரு நிமிஷம் இங்க பாருங்க சார்” என்று ஒரு வெள்ளை லென்ஸை எடுத்து மேஜையில் வைத்தான். பேனா மாதிரி ஒரு குட்டி டார்ச். ஊதா வெளிச்சம். லென்ஸின் நடுவில் அதைக் காட்டி நாலைந்து நொடி பிடித்துவிட்டு எடுத்தான். வெளிச்சம் பட்ட இடத்தில் நாலணா அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டம்! பிறகு அது மெல்ல மெல்லக் கரைந்து, வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது.

கூட வந்த என் பையன், “அப்பா, இன்னொரு தடவை காட்டச் சொல்லு” என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

“உள்ளே வெள்ளை, வெளியே கறுப்பு. ரெண்டு கண்ணாடி தூக்கிட்டு அலைய வேணாம். ஒரே செலவு சார்.”

ஒரே செலவு என்று யாராவது சொன்னால் பி.காம். படித்தவனுக்குள் ஒரு குமாஸ்தா விழித்துக்கொள்வார். “நாளைக்குச் சொல்றேன் தம்பி” என்று கிளம்பிவிட்டேன். அந்த நாளை வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரத்தில் படித்ததையும், விசாரித்ததையும், எண்ணிப் பார்த்ததையும்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

முதலில் மரியாதையாக ஒரு சபாஷ் போட்டுவிடுவோம். இந்த வித்தை அறுபது வருஷத்துக்கு மேல் பழசு. அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி கம்பெனியில் டொனால்டு ஸ்டூக்கி, வில்லியம் ஆர்மிஸ்டெட் என்று இரண்டு விஞ்ஞானிகள். கேமரா பிலிம் நினைவிருக்கிறதா? வெளிச்சம் பட்டால் அதிலிருக்கும் வெள்ளி உப்பு கறுத்துவிடும். கறுத்தது கறுத்ததுதான், திரும்பாது. அதே வெள்ளி உப்பை, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக, உருகிய கண்ணாடிக்குள் சிறை வைத்தார்கள் இவர்கள். வெயில் பட்டால் கறுக்கும். ஆனால் பிரிந்த சரக்கு எங்கேயும் ஓட முடியாது என்பதால், வெயில் போனதும் பழையபடி சேர்ந்து தெளிந்துவிடும். அதுதான் 1960-களில் கடைக்கு வந்த ‘போட்டோகிரே’.

அந்தக் கண்ணாடி கனம். பவர் அதிகமானால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மைனஸ் பவர் லென்ஸ் நடுவில் மெல்லிசு, ஓரத்தில் தடிமன் அல்லவா? சரக்கு கண்ணாடி முழுக்கக் கலந்திருப்பதால் தடித்த ஓரம் அதிகமாகவும் நடுப்பகுதி குறைவாகவும் கறுக்கும். 1990-களின் தொடக்கத்தில் ‘டிரான்சிஷன்ஸ்’ என்ற பெயரில் பிளாஸ்டிக் லென்ஸ் வந்த பிறகுதான் இந்தக் குறை தீர்ந்தது. அதில் வெள்ளி இல்லை. லென்ஸின் மேல்பரப்பில் ஒரே சீராக ஏற்றப்பட்ட கரிமச் சாயம். இன்றைக்குப் பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்பது பெரும்பாலும் இந்தச் சாதிதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு நிமிடம் பொறுமையாகக் கேளுங்கள். வாங்கலாமா கூடாதா என்பதில் பாதி பதில் இதற்குள்தான் இருக்கிறது.

அந்தச் சாயத்தின் ஒவ்வொரு மூலக்கூறையும் மடித்து வைத்த விசிறி என்று வைத்துக்கொள்ளுங்கள். மடிந்திருக்கும்போது வெளிச்சம் தாராளமாகப் போகும். லென்ஸ் வெள்ளை. சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டதும் ஒரு பிணைப்பு அறுந்து விசிறி விரிகிறது. விரிந்த விசிறி வெளிச்சத்தை விழுங்குகிறது. லென்ஸ் கறுப்பு. சரி, விரிந்த விசிறியை யார் மடிப்பது? வெப்பம். சுற்றியிருக்கும் சூடு அதை மடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு கை விரிக்கிறது, இன்னொரு கை மடிக்கிறது. எந்தக் கை ஜெயிக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கறுப்பு.

இப்போது சென்னையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு தடவை, ஆகஸ்ட் நடுவில் ஒரு தடவை என்று வருஷத்துக்கு இரண்டு முறை சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிற ஊர் இது. விரிக்கிற கைக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனால் மடிக்கிற கையும் அதே அளவு பலசாலி! மே மாத அனல் ஒரு பக்கம் மடித்துக்கொண்டே இருப்பதால், இந்த லென்ஸ் குளிர்ப் பிரதேசத்தில் கறுக்கிற அளவுக்கு இங்கே கறுக்காது. கொடைக்கானலில் ஜனவரி காலையில் போட்டுப் பாருங்கள், அட்டைக் கறுப்பாக நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் மவுண்ட் ரோடில் போட்டுப் பாருங்கள், சுமாரான சாம்பல்தான். வெயில் அதிகமாகத் தேவைப்படுத்துகிற ஊரில்தான் அது குறைவாக வேலை செய்கிறது. தங்கம் விலை இறங்கும்போது கையில் காசு இல்லாமல் போகிற மாதிரிதான்.

இதில் நான் ரசித்தது ஒன்று. லென்ஸ் எவ்வளவு கறுக்கும் என்று சோதிக்க உலகத் தர விதிமுறை இருக்கிறது. அதன்படி வழக்கமான சோதனை நடப்பது 23 டிகிரியில். 35 டிகிரியிலும் தனியாக ஒரு சோதனை உண்டு. விளம்பரத்தில் ‘இத்தனை சதவிகிதம் கறுக்கும்’ என்று போடுவது பெரும்பாலும் அந்த 23 டிகிரிக் கணக்கு. நம் ஊரில் 23 டிகிரி எங்கே இருக்கும்? ஏசி ரிமோட்டில் இருக்கும். அந்தப் பையன் டார்ச் அடித்துக் காட்டினானே, அந்தக் கடைக்குள் இருக்கும். அவன் பொய் சொல்லவில்லை. அந்த லென்ஸுக்கு மிகவும் பிடித்தமான ஊரில் வைத்து அதைக் காட்டினான், அவ்வளவுதான்.

அடுத்த சங்கதி. விரிக்கிற கை புற ஊதாக் கதிர் என்றேன். அது வராத இடத்தில்? லென்ஸ் தேமே என்று வெள்ளையாகவே உட்கார்ந்திருக்கும். காரின் முன்பக்கக் கண்ணாடி இரண்டு அடுக்குக் கண்ணாடி. நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஏடு. அது புற ஊதாவைக் கிட்டத்தட்ட முழுசாகத் தடுத்துவிடும். ஆகவே காரோட்டுகிறவருக்கு எதிர்வெயில் முகத்தில் அடித்துக் கண் கூசினாலும், சாதாரண ரக லென்ஸ் கறுக்காது. கால் டாக்ஸி ஓட்டுகிற ஒரு நண்பர் ஆசை ஆசையாக வாங்கிப் போட்டுக்கொண்டு, ‘டீ குடிக்க இறங்கினாத்தான் சார் இது கறுக்குது’ என்றார். காருக்குள்ளும் ஓரளவு கறுக்கிற ரகங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் சில, வீட்டுக்குள்ளும் லேசான சாயத்தோடு இருக்கும்.

ஸ்கூட்டர்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். ஹெல்மெட்டின் முகமூடி பாலிகார்பனேட். அதுவும் புற ஊதாவைப் பெருமளவு தடுக்கிற பொருள். மூடிக்கொண்டு ஓட்டினால் கறுப்பு பெரும்பாலும் அம்பேல். திறந்துவிட்டு ஓட்டினால் கறுக்கும், கூடவே கண்ணில் தூசியும் விழும்.

இதெல்லாம் கறுக்காத கதை. தெளியாத கதை இன்னும் முக்கியம்.

வெளியே வந்ததும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் நன்றாகவே கறுத்துவிடுகிற லென்ஸ், உள்ளே போனதும் தெளிவதற்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். நம் சொந்தக் கண்ணை நினைத்துப் பாருங்கள். வெளிச்சத்தில் பாப்பா சுருங்க ஒரு நொடி கூட ஆவதில்லை. ஆனால் இருட்டுக்கு முழுசாகப் பழக விழித்திரைக்கு இருபது, முப்பது நிமிடம் வேண்டும். அதனால்தான் சினிமா தொடங்கிய பிறகு தியேட்டருக்குள் நுழைந்தால் அடுத்தவர் மடியில் உட்காருகிறோம். அந்தத் தடுமாற்றத்தின் முதல் சில நிமிடங்களில் மூக்கின் மேல் ஒரு கறுப்புத் திரையும் சேர்ந்தால்?

மத்தியானம் ஒரு மணிக்கு தி.நகரிலிருந்து துரைசாமி சப்வேக்குள் இறங்குகிறவரைக் கேளுங்கள். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம் என்றால், ஒரு நொடிக்குப் பதினோரு மீட்டர். லென்ஸ் ‘ஓஹோ, உள்ளே வந்துட்டோமா?’ என்று யோசிக்க ஆரம்பிப்பதற்குள் வண்டி மறுபக்கம் ஏறிவிடும். பெரிய கடைகளின் தரைக்குக் கீழே இருக்கும் பார்க்கிங்கிலும் இதே கதைதான். அங்கே எதிரில் வருவது கார் அல்ல, அசையாமல் நிற்கிற தூண்!

கோயில் உதாரணம் இன்னும் பொருத்தம். கல் கொதிக்கிற வெளிப்பிராகாரத்தைச் சுற்றிவிட்டு, ஒற்றை எண்ணெய் விளக்கு எரிகிற கர்ப்பகிருகத்துக்கு முன்னால் போய் நிற்கிறீர்கள். லென்ஸ் தெளிவதற்குள் தீபாராதனை முடிந்து, ‘நகருங்க, நகருங்க’ என்று உங்களை நகர்த்திவிட்டிருப்பார்கள்.

கவனித்தீர்களா? வெயிலிலேயே நிற்கிறவருக்கு இந்த லென்ஸால் தொல்லை இல்லை. நிழலிலேயே உட்கார்ந்திருப்பவருக்கும் தொல்லை இல்லை. வில்லங்கமெல்லாம் வாசலில்தான். அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். டைரியை எடுத்து, ஒரு வாரம் என் வாசல்களை எண்ணினேன்.

ஒரு பத்திரிகைக்காரனின் நாள் எப்படி என்றால், வீடு, ஆபீஸ், ஒருவர் வீடு, டீக்கடை, இன்னொருவர் ஆபீஸ், கோர்ட், மறுபடி ஆபீஸ். சராசரியாக ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைகிறேன். ஸ்கூட்டரில் ஒன்றேகால் மணி நேரம், முகமூடியை மூடிக்கொண்டு. ஹெல்மெட் இல்லாமல் நேர் வெயிலில் நடப்பது? கூட்டிக் கூட்டிப் பார்த்தாலும் 25 நிமிடத்தைத் தாண்டவில்லை.

இனி குமாஸ்தாவின் பேரேடு. நான் கேட்ட கடையில், எனக்கு வேண்டிய ப்ரோக்ரெஸிவ் லென்ஸ் சாதாவாக ஒன்பதாயிரம், கறுக்கிற ரகம் பதினைந்தாயிரத்து ஐநூறு. (உங்கள் ஊரில், உங்கள் பவருக்கு, இது கூடலாம், குறையலாம். ஒற்றைப் பவர் லென்ஸ் என்றால் இதில் சிறு பகுதிதான் ஆகும்.) வித்தியாசம் ஆறாயிரத்து ஐநூறு. தேய்மானம் போட வேண்டுமே? விசிறி விரிந்து மடிந்து விரிந்து மடிந்து இரண்டு மூன்று வருஷத்தில் களைத்துவிடுகிறது. கறுப்பது குறையும், தெளிவது மந்தமாகும். நாற்பதுகளில் அதற்குள் பவரும் மாறிவிடும் என்பதால் இதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் என்று வைத்தால் 730 நாள். ஒரு நாளைக்கு எட்டு ரூபாய் தொண்ணூறு பைசா. ஒரு டீ விலை கூட இல்லை!

ஆனால் எனக்குக் கிடைப்பது 25 நிமிடக் கறுப்பு. ஒரு நிமிடத்துக்கு 36 பைசா. அதே கடையில் தூரப் பவர் மட்டும் போட்ட ஒரு தனிக் கூலிங் கிளாஸ் மூவாயிரத்து ஐநூறு. கழற்றிய நொடியில் ‘தெளிந்துவிடும்’. கார் ஓட்டினாலும் வேலை செய்யும். என்ன, மறந்து எங்கேயாவது வைத்துவிட்டு வரலாம். குடையைத் தொலைத்துப் பழகியவர்கள் இந்த ஆபத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

வரி விஷயம் ஒரு வரி: 2025 செப்டம்பர் 22 முதல் பார்வைக் குறைக்கான கண்ணாடிகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. பவர் இல்லாத ஸ்டைல் கூலிங் கிளாஸுக்கு 18. பவர் போட்ட கூலிங் கிளாஸ் முதல் கட்சி. பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் சிலர் மடக்குவார்கள். “காசை விடுங்க சார். புற ஊதாக் கதிர் கண்ணுக்குக் கெடுதலாச்சே?” கெடுதல்தான். வருஷக்கணக்கில் வெயிலில் உழைக்கிற மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் கருவிழி மேல் சதை வளர்வதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கண்புரைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் புற ஊதாவைத் தடுக்கக் கறுப்பு தேவையே இல்லை. பாலிகார்பனேட் லென்ஸ் பளிங்கு மாதிரி வெள்ளையாக இருந்துகொண்டே அதைத் தடுக்கும். மற்ற பிளாஸ்டிக் லென்ஸுக்கும் அந்தப் பாதுகாப்பைச் சேர்த்துத் தருகிறார்கள். கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள். மாறாக, பிளாட்பாரத்தில் நூறு ரூபாய்க்கு வாங்குகிற கறுப்புக் கண்ணாடி வெறும் சாயமாக மட்டும் இருந்துவிட்டால் வம்பு. கறுப்பை நம்பிப் பாப்பா அகலமாக விரியும், அந்த அகலக் கதவு வழியே புற ஊதா ராஜநடை போட்டு உள்ளே போகும். ஆக, கறுப்பு என்பது கூச்சத்துக்கு. பாதுகாப்பு வேறு கணக்கு.

இதுவரை சொன்னது ரூபாய், பைசா, நிமிடம். இவை மட்டும் என்றால் நான் டாஸ் போட்டே முடிவு செய்திருப்பேன். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு ஒன்று.

2004 டிசம்பர் 26. சுனாமி. தமிழ்நாட்டில் அதிகம் பேரைப் பறிகொடுத்தது நாகப்பட்டினம் மாவட்டம். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, நானும் ஒரு புகைப்படக்காரரும் அக்கரைப்பேட்டைப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் தொழிலுக்கு வந்தவர் அவர். மைனஸ் ஐந்து பவர். போட்டிருந்தது பழைய கண்ணாடி ரகம், வெயிலில் கறுக்கிறது. டிசம்பர் மாதம், கடல் காற்று, பளீரென்ற வெயில். சொன்னேனே, குளிரக் குளிர அது நன்றாகக் கறுக்கும். தெளிய நேரமும் எடுத்துக்கொள்ளும்.

தார்ப்பாய் கட்டிய ஒரு மறைப்புக்குள் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சின்னச் சட்டை. நாங்கள் குனிந்து உள்ளே போய் எதிரில் உட்கார்ந்தோம். நான் நோட்டை எடுக்கவில்லை, அவர் கேமராவைத் தொடவில்லை. அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம் பேசியிருப்பார். நிறுத்திவிட்டார். பிறகு புகைப்படக்காரரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

“தம்பி, உன் கண்ணு தெரியலியே. நான் யாருகிட்டப் பேசுறது?”

கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் சட்டென்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த அம்மா பேசினார், முக்கால் மணி நேரம். மைனஸ் ஐந்துக்குக் கண்ணாடி இல்லாமல் எதிரில் இருக்கிற முகம் எப்படித் தெரியும் என்று கண்ணாடி போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நிழல் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் லென்ஸ் தெளிந்திருக்கும், எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம். போடவில்லை. அந்த மறைப்புக்குள் அவர் ஒரு படமும் எடுக்கவில்லை. வெளியே வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அரை நிமிடத்தில் அது கறுத்துவிட்டது. அதற்குப் பின்னால் அவர் கண் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

நம் ஊரில் கறுப்புக் கண்ணாடிக்கு ஒரு அந்தஸ்து உண்டு. எம்.ஜி.ஆர். போட்டிருந்தார், கலைஞர் போட்டிருந்தார். மேடையில் நிற்கிறவருக்கு அது பொருந்தும். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நூறடி இருக்கிறது. முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரில் உட்கார்ந்து பேசும்போது கதை வேறு. சாதாரணக் கூலிங் கிளாஸாக இருந்தால் வாசலிலேயே கழற்றிவிடுவோம், செருப்பைக் கழற்றுவது போல. அது ஒரு மரியாதை. யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். வெயிலில் கறுக்கிற லென்ஸில் அந்தச் செயலுக்கே இடமில்லை. அது தானாகக் கறுத்து, தானாக, தன் வசதிப்படி தெளியும். துக்க வீட்டு வாசலில் நுழைகிற முதல் மூன்று நிமிடம் அதற்கு ஒரு கணக்கே இல்லை. நமக்கு அந்த மூன்று நிமிடம்தான் எல்லாம்.

ஒரு டாக்டர் நோயாளியின் அறைக்குள் நுழையும்போது, ஒரு டீச்சர் வகுப்புக்குள் நுழையும்போது, மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குள் நுழையும்போது... யோசித்துப் பாருங்கள். என் பதினான்கு வாசல்களில் பத்து வாசலுக்குப் பின்னால் யாரோ ஒருவர் என்னிடம் எதையோ சொல்லக் காத்திருக்கிறார். கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். எனக்குச் சாதா லென்ஸ், பிரதிபலிப்பைக் குறைக்கிற கோட்டிங்கோடு. கூடவே பவர் போட்ட ஒரு தனிக் கூலிங் கிளாஸ்.

பையன் முகம் கொஞ்சம் வாடியது. “அப்ப கறுக்கிறது வேணாமா சார்?”

“வேணுமே. அதுல ரெண்டு ஜோடி.”

அவனுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு ஜோடி என் பையனுக்கு. மைனஸ் இரண்டு. பள்ளிக்கூடம் விட்டால் கிரிக்கெட். மூன்று மணி நேரம் ஒரே மைதானம், ஒரே வெயில். இரண்டு கண்ணாடி கொடுத்தால் இரண்டையும் தொலைத்துவிட்டு வருவான். பாலிகார்பனேட்டில் போட்டுக்கொடுத்தால் பந்து பட்டாலும் எளிதில் உடையாது. பவர் அடிக்கடி மாறுகிற வயது, அதனால் விலை உயர்ந்த ரகம் வேண்டாம்.

இன்னொரு ஜோடி அம்மாவுக்கு. வயது எழுபத்து நான்கு. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. உள்ளே வைக்கிற செயற்கை லென்ஸில் புற ஊதாவைத் தடுக்கிற வசதி பெரும்பாலும் இருக்கும். ஆனாலும் ‘வெளிச்சம் ஊசி மாதிரி குத்தறது’ என்று புலம்பல். டாக்டரைக் கேட்டேன், தாராளமாகப் போடலாம் என்றார். அம்மாவின் வாசல்களையும் எண்ணினேன். காலையில் மொட்டை மாடி, துணி உலர்த்தலும் வடாமும் சேர்த்து ஒரு மணி நேரம். சாயந்திரம் காய்கறிக் கடை. மொத்தம் நாலு வாசல். வண்டி ஓட்டுவதில்லை. மாடியிலிருந்து இறங்கும்போது மட்டும், “கண்ணாடி தெளியற வரைக்கும் மேல் படியிலயே நில்லும்மா” என்று சொல்லி வைத்திருக்கிறேன். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இதை மறக்காமல் சொல்லுங்கள். படிக்கட்டுக்கும் அரைகுறை இருட்டுக்கும் ஒத்து வராது.

ஆக, ஒரே வீடு, ஒரே கடை, இரண்டு தீர்ப்பு. உங்கள் தீர்ப்பை நான் சொல்ல முடியாது. கடைக்காரரும் சொல்ல முடியாது. ஒரு வாரம் டைரியில் எழுதுங்கள். வெயிலில் தொடர்ந்து எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள்? ஹெல்மெட், கார் போக எவ்வளவு மிச்சம்? எத்தனை வாசல் நுழைகிறீர்கள்? உள்ளே யார் இருக்கிறார்கள்? வயல் பார்க்கிற அதிகாரி, கட்டட வேலை பார்க்கிற இன்ஜினீயர், தெருத்தெருவாக நடக்கிற தபால்காரர், தினம் ஒரு மணி நேரம் கடற்கரையில் நடக்கிறவர் என்றால் பெரும்பாலும் ‘வாங்கலாம்’ என்றுதான் கணக்கு வரும். வாங்கினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு லென்ஸ் உடைந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழசும் புதுசும் ஒரே மாதிரி கறுக்காது. ஒரு கண் பகலிலும் ஒரு கண் சாயங்காலத்திலும் இருக்கிற மாதிரித் தெரிவீர்கள்.

அம்மாவுக்குக் கண்ணாடி வந்து மூன்று வாரம் ஆகிறது. குத்தல் குறைந்திருக்கிறது என்கிறாள். ஆனால் அது கறுக்கிறது என்பதை மட்டும் இன்னும் நம்பவில்லை. முதல் நாள் மாடியிலிருந்து இறங்கி வந்தவளைப் பார்த்து என் மனைவி, “அத்தை, சினிமா ஸ்டார் மாதிரி இருக்கீங்க!” என்றாள்.

“போடி, கறுத்திருந்தா எனக்குத் தெரியாதா? எனக்கு எல்லாம் வெள்ளையாத்தானே தெரியறது” என்றாள் அம்மா. கண்ணும் லென்ஸும் சேர்ந்தே மெல்ல மெல்லப் பழகிக்கொள்வதால், போட்டிருக்கிறவருக்கு அது அவ்வளவாகத் தெரிவதில்லை. பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

நாங்கள் இரண்டு பேரும் சத்தியம் செய்த பிறகு, கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்து, ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அதற்குள் அது தெளிந்துவிட்டது.

“பாரு, வெள்ளையாத்தான் இருக்கு. உங்களுக்குத்தாண்டா கண் டெஸ்ட் பண்ணணும்!”